ஏழு நொடிக்கு ஒருமுறை வந்த துள்ளல்

நொடிக்கு 144 முறை திரையைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில், எம்பிவி என்ற வீடியோ பிளேயரில் படம் பார்க்கையில், கேமரா பக்கவாட்டில் மெல்ல நகரும் காட்சிகளில் மட்டும் ஏறத்தாழ ஏழு நொடிக்கு ஒருமுறை படம் லேசாகத் துள்ளியது. டிரைவரைப் புதுப்பித்தும் கேபிளை மாற்றியும் பயனில்லை. படத்தின் வேகத்துக்கேற்பத் திரை புதுப்பிக்கும் வேகத்தை மாற்றும் வேரியபிள் ரெஃப்ரெஷ் ரேட்டை இயக்கியபோது துள்ளல் நின்றாலும், இருண்ட காட்சிகளில் வெளிச்சம் படபடத்தது. அது இன்னும் மோசம்.

துள்ளலின் சீரான இடைவெளிதான் காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. கோப்பில் இருந்தது நொடிக்கு 24 பிரேம் (தனிப்படம்) அல்ல, 23.976, ஒவ்வொரு பிரேமையும் ஆறு முறை காட்டினாலும் நொடிக்கு 143.856 தான் வருகிறது என்பதால், மீதமுள்ள 0.144 சேர்ந்து சேர்ந்து ஏழு நொடிக்கொருமுறை ஒரு பிரேமைக் கூடுதலாக ஒருதரம் காட்ட வைக்கிறது. வேரியபிள் ரேட்டை அணைத்துவிட்டு, பிளேயரின் கான்ஃபிக் கோப்பில் வீடியோ-சிங்க் என்பதற்கு டிஸ்பிளே-ரீசாம்பிள் (படத்தின் வேகத்தைத் திரைக்கு ஏற்ப மாற்றி, ஒலியையும் அதற்கேற்பச் சரிசெய்யும் முறை) என்று எழுதியதும் ஒருவழியாகத் தொல்லை விட்டது. ஒலி 0.1 சதவீதம் வேகமாக ஓடுகிறது, காதுக்குத் தெரியவில்லை.