வாளுக்கு முன் தாள்: பழைய கீழைத்தேய ஆயுத அச்சுப்படங்களை ஆராயும் முறை

துருக்கி, பாரசீக, அரபு நாட்டு ஆயுதங்களைக் காட்டும் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அச்சுப்படங்கள் இன்று பழம்பொருள் கடைகளிலும் இணைய ஏலங்களிலும் தனித்தாள்களாக விற்பனைக்கு வருகின்றன. வளைந்த வாளும் வெள்ளி வேலைப்பாடமைந்த உறையும் கண்ணைப் பறிப்பதால், வாங்குவோர் பலர் ஆயுதத்தை மட்டுமே பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வாளை வரைந்தவர் ஒருவர், அதைத் தகட்டில் வெட்டியவர் இன்னொருவர், தாளில் ஏற்றியவர் மூன்றாமவர். எந்தக் கை என்ன செய்தது என்று பிரித்தறிந்த பிறகே, வாளைப் பற்றி அந்தப் படம் சொல்வதை ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எனவே ஆய்வைத் தாளிலிருந்து தொடங்குங்கள். படத்தைச் சட்டத்திலிருந்து வெளியே எடுத்து, பக்கவாட்டிலிருந்து சாய்வாக வெளிச்சம் விழும்படி வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் பாருங்கள். செப்புத் தகட்டிலோ எஃகுத் தகட்டிலோ செதுக்கி அச்சிட்டதானால், படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய பள்ளம் தெரியும். ஓரம் வெட்டப்பட்ட தாளில் அது இல்லாமலும் போகலாம். அத்தகைய படத்தில் கோடுகள் மெல்லத் தொடங்கித் தடித்து மீண்டும் ஊசிமுனையாய் முடியும். மை தாளின்மேல் சற்றே மேடாக நிற்கும். 1820களில் பரவத் தொடங்கிய எஃகுத் தகட்டில் கோடுகள் இன்னும் நுண்மையாகவும் நெருக்கமாகவும் இருப்பதால், படம் முழுவதும் ஒரு வெள்ளிச் சாம்பல் நிறம் படர்ந்திருப்பதுபோல் தோன்றும். மரக்கட்டையில் செதுக்கியதில் தகட்டுப் பள்ளம் இராது. 1842இல் தொடங்கிய 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' போன்ற இதழ்களின் பெரிய படங்களில், பல கட்டைகளை இணைத்த இடம் மெல்லிய வெண்கோடாகக் குறுக்கே ஓடுவதைக் காணலாம். கல்லின்மேல் வரைந்து அச்சிடும் கல்லச்சில் கோட்டுக்குப் பதில் மெழுகுக்கோல் தேய்த்தது போன்ற பொரிபொரியான தடம் இருக்கும். லென்ஸின் கீழ் ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் தெரிந்தால், அது புகைப்பட முறையில் எடுத்த பிற்கால மறுபதிப்பு. பழைய தகட்டு அச்சுக்குரிய விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

கோடுகள் சீராக இருப்பதை மட்டும் வைத்து ஒரு படத்தைப் போலி என்று ஒதுக்கிவிடவும் கூடாது. நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்போடு சென்ற அறிஞர்கள் உருவாக்கி, 1809 முதல் வெளிவந்த 'எகிப்து விவரணம்' என்னும் பெருந்தொகுப்புக்காக, நிக்கோலா ழாக் கோந்தே இணைகோடுகளை வெட்டும் ஓர் இயந்திரத்தையே உருவாக்கினார். அதன் படங்களில் வானம் இயந்திரம் கீறியதுபோல் தோன்றினால், அது உண்மையிலேயே இயந்திரம் கீறியதுதான்.

அடுத்து, படத்தின் கீழுள்ள சிற்றெழுத்துகளைப் படியுங்கள். 'பிங்ஸ்.' (pinx.) என்பது வண்ண ஓவியம் தீட்டியவரையும், 'டெல்.' (del.) என்பது கோட்டோவியம் வரைந்தவரையும், 'ஸ்கல்ப்.' (sculp.) என்பது தகட்டில் செதுக்கியவரையும், 'இம்ப்.' (imp.) என்பது அச்சிட்டவரையும் குறிக்கும் லத்தீன் சுருக்கங்கள். ஓவியரின் பெயர் தெரிந்தால், அவர் ஆயுதத்தை எங்கே கண்டிருக்கக்கூடும் என்று கேட்க முடியும். பிரெஞ்சு ஓவியர் ழான் லியோன் ழெரோமின் ஓவியங்கள், அவருடைய மாமனாரான கூப்பிலின் கலைப் பதிப்பு நிறுவனம் வழியாக அச்சுப்படங்களாக உலகெங்கும் பரவின. 1868–69இல் அவர் வரைந்த 'பாஷி பஸூக்' என்னும் துருக்கியப் படைவீரன், கீழை நாட்டுப் பயணங்களில் அவர் வாங்கி வந்த உடைகளை அணிந்து பாரிஸ் ஓவியக்கூடத்தில் அமர்ந்த ஒரு மாதிரி மனிதரே. இத்தகைய படத்தில் ஆயுதம் அச்சுஅசலாக வரையப்பட்டிருக்கலாம். ஆனால் அந்த ஆயுதத்தை அந்த உடையோடு அந்த நாட்டவர் அணிந்தார் என்பதற்கு அந்தப் படம் சான்றாகாது.

இனி வாளுக்கு வரலாம். ஷம்ஷீர் என்னும் பாரசீக வாளின் அலகு குறுகலானது. நன்றாக வளைந்து, நுனிவரை சீராக மெலிந்துகொண்டே போகும். கிலிஜ் என்னும் துருக்கிய வாளின் அலகு நுனிப்பகுதியில் அகன்று, அங்கே முதுகுப்புறமும் கூராக்கப்பட்டிருக்கும். யத்தகான் என்னும் துருக்கிய வாளில் கைக்காப்பு கிடையாது. பிடியின் முடிவு இரு காதுகளைப் போல விரிந்திருக்கும். கூர்வாய் உள்வளைவில் அமைந்திருக்கும். இதைத் தகட்டுச் செதுக்குநர்கள் பலமுறை தவறவிட்டு, சாதாரண வளைவாளைப் போல வெளிவளைவைக் கூராகக் காட்டிவிடுகிறார்கள். யேமனியரின் ஜம்பியா என்னும் வளைகத்தி இடைக்கச்சையின் முன்பக்கம் நடுவில் செருகப்படுவது. அது பக்கவாட்டில் தொங்கினால் ஐயப்படுங்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது இடவலமாற்றம். தகட்டில் செதுக்கியது தாளில் கண்ணாடிப் பிம்பமாகவே விழும் என்பதால், செதுக்குநர் மூலத்தை முன்கூட்டியே திருப்பி வரையாவிட்டால் வீரர்கள் எல்லோரும் இடக்கைக்காரர்களாகி, வாள்கள் வலப்பக்கம் தொங்கும். அலகிலோ கேடயத்திலோ அரபு எழுத்து இருந்தால், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை அருகே பிடித்துப் பாருங்கள்; கண்ணாடியில் அது படிக்க வருமானால் முழுப்படமும் திரும்பியிருக்கிறது. நேரிலும் கண்ணாடியிலும் படிக்க வராவிட்டால், அது எழுத்தறியாத கை போட்ட வெறும் அலங்காரம்.

டமாஸ்கஸ் எஃகின் நீரலை போன்ற வரிகள் படத்தில் இல்லாததை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அந்த வரிகளைத் தந்தது மூசை என்னும் மண்கலத்தில் உருக்கிய எஃகு. நம் சேலம் பகுதி உட்படத் தென்னிந்தியாவில் உருவான எஃகுக் கட்டிகள் மேற்காசியச் சந்தைகளுக்குச் சென்றன. வெறும் கோடுகளால் அந்த நெளிவைக் காட்டுவது மிகக் கடினம் என்பதால், செதுக்குநர்கள் பெரும்பாலும் அலகை வெண்மையாகப் பளபளக்க விட்டுவிட்டார்கள். எத்தனையோ உலைக்களங்களின் உழைப்பு அந்த வெற்றிடத்தில் மறைந்து கிடப்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. உண்மையான அலகைப் பார்க்க, லண்டன் வாலஸ் தொகுப்பின் கீழைத்தேய ஆயுதப் பிரிவையோ இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையின் ஆயுதங்களையோ நல்ல புகைப்படங்களிலாவது ஒப்பிடுங்கள்.

வண்ணம் இருந்தால், அது அச்சில் வந்ததா, பின்னர் கையால் பூசியதா என்று பாருங்கள். பழைய கிழிசலுக்குள்ளும் மடிப்பின் வெடிப்புக்குள்ளும் நிறம் இறங்கியிருந்தால், விற்பனைக்காக அண்மையில் பூசியதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வாங்கிய பின் லேமினேஷனும் ஒட்டுநாடாவும் வேண்டாம். அமிலமற்ற அட்டைக்குள் வைத்து, நேர் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். கடலோர ஊர்களில் சட்டத்தின் பின்புறத்தைச் சுவரோடு ஒட்டவிடாமல் காற்றுக்கு இடம் விட்டால் பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் குறையும். நீங்கள் கண்டறிந்த அச்சு முறை, பெயர்கள், ஆயுத வகை, பொருந்தாத உறுப்பு ஆகியவற்றைத் தாளில் எழுதாமல், அதைத் தாங்கும் அட்டையின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் தேதியிட்டு எழுதி வையுங்கள்.