மஞ்சள் மூடி ஜெல் குழாயில் சீரம் பிரிக்கும் முறை

யூரியா, கிரியேட்டினின், கொழுப்பு, தைராய்டு ஹார்மோன் போன்ற பெரும்பாலான பரிசோதனைகள் முழு ரத்தத்தில் செய்யப்படுவதில்லை. ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளிந்து நிற்கும் இளமஞ்சள் நீரான சீரத்தில்தான் செய்யப்படுகின்றன. அந்தச் சீரத்தைச் சிவப்பணுக்களிடமிருந்து பிரித்தெடுக்க இன்று சிறிய ஆய்வகங்களிலும் பயன்படுவது மஞ்சள் அல்லது பொன்னிற மூடியுள்ள ஜெல் குழாய். ஆய்வகப் பணிக்குப் புதிதாக வந்தவர்கள் இதை எவ்வாறு கையாள வேண்டும் என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் குழாயைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் பசை போல ஒட்டிக்கொண்டிருப்பதுதான் ஜெல். குழாயைத் தலைகீழாகப் பிடித்தாலும் அது வழியாது. ஆனால் வேகமாகச் சுழற்றினால் இளகி நகரும், சுழற்சி நின்றதும் மறுபடி இறுகிவிடும். பாட்டிலைக் குலுக்கினால்தான் இறங்குகிற தக்காளி சாஸை நினைத்துக்கொள்ளுங்கள். சீரத்தின் அடர்த்தி ஏறத்தாழ 1.03, சிவப்பணுக்களின் அடர்த்தி ஏறத்தாழ 1.09, ஜெல்லை இவ்விரண்டுக்கும் நடுவே, 1.04 என்ற அளவை ஒட்டித் தயாரிக்கிறார்கள். ஆகவே சுழற்றும்போது அணுக்கள் அடியில் போய்ச் சேர, ஜெல் மேலெழும்பிச் சீரத்துக்கும் அவற்றுக்கும் இடையே சுவராக நின்றுவிடுகிறது. குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாமல் பூசப்பட்டிருக்கும் சிலிக்காத் துகள்கள் ரத்தத்தை விரைவாக உறைய வைக்கின்றன.

படி 1: ரத்தம் எடுத்தல். ஒருவரிடம் பல குழாய்களில் எடுக்க வேண்டியிருந்தால், வெளிர்நீல மூடிக் குழாய்க்குப் பிறகும் ஊதா மூடிக் குழாய்க்கு முன்பும் மஞ்சள் மூடியை நிரப்ப வேண்டும். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் தடுக்க இருக்கும் இடிடிஏ உப்பு துளியளவு கலந்தாலும் பொட்டாசியம் பொய்யாக உயரும், கால்சியம் பொய்யாகக் குறையும். குழாயிலுள்ள வெற்றிடம் தானாக உறிஞ்சி நிறுத்தும் அளவுக்கு நிரம்ப விடுங்கள். மூடியைத் திறந்து சிரிஞ்சால் பீய்ச்சினால் அணுக்கள் உடையும்.

படி 2: கவிழ்த்து நிமிர்த்துதல். நிரம்பியவுடன் குழாயை மெதுவாக 5 முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். சுவரிலுள்ள சிலிக்கா ரத்தத்தோடு நன்றாகக் கலக்க இது போதும். குலுக்கக் கூடாது.

படி 3: காத்திருத்தல். என் கருத்தில் இந்தச் செய்முறையில் அதிகம் பிழை நேர்வது இங்கேதான். குழாயைத் தாங்கியில் நேராக நிறுத்தி, அறை வெப்பநிலையில் 30 நிமிடம் விட வேண்டும். ஹெப்பாரின், வார்ஃபரின் போன்ற உறைவெதிர்ப்பு மருந்து எடுப்பவர்களின் ரத்தத்துக்கு இதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். பணியில் சேர்ந்த புதிதில், வரிசை நீண்டு நின்ற ஒரு காலையில், 10 நிமிடத்திலேயே குழாய்களைச் சுழற்றிவிட்டேன். சீரம் கண்ணாடி போலத் தெளிவாகத்தான் தெரிந்தது. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால், சவ்வரிசிக் கஞ்சி ஆறியது போல ஒரு கட்டி அதற்குள் மிதந்தது. முழுமையாக உறையாமல் மேலே தங்கிய, ரத்தத்தை உறையச் செய்யும் புரதமான ஃபைப்ரினோஜன் பிறகு நூலாகத் திரண்ட ஃபைப்ரின் அது. பகுப்பாய்வுக் கருவியின் உறிஞ்சுகுழலில் இது சிக்கினால் கருவி குறைந்த அளவு சீரத்தையே எடுக்கும், முடிவும் தவறாக வரும்.

காத்திருக்கும் நேரத்தில் குளிர்பெட்டியில் வைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். வைக்கக் கூடாது. குளிரில் சிவப்பணுக்களின் சோடியம்-பொட்டாசியம் பம்பு வேலை செய்யாததால் உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும். அதற்காக மணிக்கணக்கில் வெளியே விட்டுவிடவும் கூடாது. பிரிக்காத ரத்தத்தில் அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருப்பதால் அதன் அளவு மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறைகிறது. ரத்தம் எடுத்த 2 மணி நேரத்துக்குள் பிரிப்பு முடிந்திருக்க வேண்டும்.

படி 4: சுழற்றுதல். மையவிலக்குக் கருவியை ஆய்வகத்தில் எல்லோரும் சென்ட்ரிஃபியூஜ் என்றே சொல்வார்கள். ஒவ்வொரு குழாய்க்கும் நேர் எதிரே அதே வகையான, அதே எடையுள்ள குழாய் இருக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய ஒரு குழாயை வையுங்கள். பிறகு வேகம். “3,000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 3,000 சுற்று), 10 நிமிடம்” என்று வாய்வழியாகச் சொல்லிக்கொடுப்பது வழக்கம், ஆனால் ஜெல்லுக்குத் தெரிந்தது சுற்று எண்ணிக்கை அல்ல, விசை. சுழலும் ஆரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்கி, அதை 0.00001118 ஆல் பெருக்கினால் ஜி கணக்கில், அதாவது புவியீர்ப்பின் மடங்காக, விசை கிடைக்கும். ஆரம் 10 செ.மீ. உள்ள கருவியில் 3,000 சுற்று சுமார் 1,006 ஜி தரும், 16 செ.மீ. உள்ள கருவியில் அதே 3,000 சுற்று 1,610 ஜி ஆகிவிடும். ஜெல் குழாய்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது 1,000 முதல் 1,300 ஜி வரை என்பதால், பெரிய கருவியில் 2,600 சுற்றே போதும். குழாய்கள் கிடைமட்டமாக எழும்பிச் சுழலும் ஸ்விங் அவுட் வகையில் 10 நிமிடமும், சாய்வாக நிலைத்து நிற்கும் வகையில் 15 நிமிடமும் தேவை. சாய்வு வகையில் ஜெல் படலமும் சாய்வாகவே அமையும், ஒரு ஓரம் மெலிந்திருக்கும். கருவியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்களுக்கு இருந்தால் ஸ்விங் அவுட்டையே வாங்குங்கள்.

கருவி தானாக நிற்கும்வரை மூடியைத் தொடாதீர்கள். உள்ளே குழாய் உடைந்த சத்தம் கேட்டால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தெறித்த நுண்துளிகள் படிய 30 நிமிடம் விட்டபின், தடித்த கையுறையோடு திறக்க வேண்டும்.

படி 5: பார்த்தல். ஜெல் இடைவெளியின்றிச் சுவரோடு சுவராகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். சீரம் இளஞ்சிவப்பாக இருந்தால் அணுக்கள் உடைந்திருக்கின்றன, பொட்டாசியம் முடிவை நம்ப முடியாது. பால் போலக் கலங்கியிருந்தால் கொழுப்பு, அடர்மஞ்சளாக இருந்தால் மஞ்சள் நிறமியான பிலிருபின்.

சீரம் குறைவாக வந்திருக்கிறது என்று அதே குழாயை இரண்டாம் முறை சுழற்றாதீர்கள். ஜெல்லுக்குக் கீழே அணுக்களோடு தங்கிய திரவத்தில் பொட்டாசியம் ஏற்கெனவே கசிந்திருக்கும்; மறுசுழற்சியில் அது மேலே வந்து கலந்துவிடும்.

எல்லாப் பரிசோதனைக்கும் இந்தக் குழாய் பொருந்தாது. வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயினை ஜெல் மெல்ல உறிஞ்சிக்கொள்வதால், அதன் அளவைப் பார்க்க ஜெல் இல்லாத சிவப்பு மூடிக் குழாய் வேண்டும். ரத்த அணு எண்ணிக்கைக்கு ஊதா மூடி, உறைதல் நேரத்துக்கு வெளிர்நீல மூடி.

படி 6: சேமித்தல். அன்றே பரிசோதிக்க முடியாத சீரத்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைத்தால் பெரும்பாலான பரிசோதனைகளுக்கு 48 மணி நேரம் வரை தாங்கும். அதற்கு மேல் என்றால் மைனஸ் 20 டிகிரியில் உறைய வைக்க வேண்டும். ஜெல் குழாயை அப்படியே உறையவைப்பானில் வைக்காமல், சீரத்தைப் பிப்பெட்டால் எடுத்து, பெயரும் எண்ணும் தேதியும் எழுதிய வேறொரு சிறு குழாய்க்கு மாற்றிவிடுங்கள். பிப்பெட்டின் முனை ஜெல்லைத் தொடாதபடி, அரை சென்டிமீட்டர் மேலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.