ஷியாமெனுக்கு ஆசிரியராக வருகிறீர்களா? முதல் மாதமும் வார இறுதிகளும்

சீனக் கடற்கரை நகரமான ஷியாமெனில் வந்து இறங்கியதும் முதலில் கவனிக்க வேண்டியது உங்கள் பெயர். நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருக்கும், இல்லையென்றால் அங்கே அப்பா பெயர் இருக்கும். சிம் விற்பவர் ஒரு வரிசையில் பதிவார், வங்கியில் வேறு வரிசையில் பதிவார்கள். நடுவில் ஓர் இடைவெளி கூடிக் குறைந்தாலும் கைபேசியில் பணம் செலுத்த உதவும் வீசாட், அலிபே செயலிகளில் வங்கி அட்டை இணையாமல் போகலாம். இங்கே காய்கறிக் கடைக்காரர்கூடக் கியூஆர் அட்டையைத்தான் நீட்டுவார் என்பதால், அட்டை இணையாவிட்டால் அன்றாடமே சிக்கலாகிவிடும்.

அதனால் சிம்மை முதலில் வாங்குங்கள். பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில் கீழே இருக்கும் இரண்டு வரிகளில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ, அப்படியே பதியச் சொல்லுங்கள். திரையைக் காட்டச் சொல்லி ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். அந்த எண்ணோடு வங்கிக்குப் போய் அதே வரிசையைக் கேளுங்கள். அதுவரை ஊர் வங்கியின் விசா, மாஸ்டர் அட்டையை அலிபேயில் இணைத்துச் சமாளிக்கலாம். ஒரு தடவை செலுத்துவது 200 யுவானுக்கு மேல் போனால் 3% கட்டணம் பிடிப்பார்கள். ஓடிபி வர ஊர் சிம் வேண்டும், அதை உயிரோடு வைத்திருங்கள். வாட்ஸ்அப் இங்கே சாதாரணமாக வேலை செய்யாது. வீட்டாரைப் புறப்படும் முன்பே வீசாட் கணக்குத் தொடங்கச் சொல்லிவிடுங்கள்.

ஓட்டலில் தங்கினால் காவல் பதிவை ஓட்டலே செய்துவிடும். வாடகை வீடு என்றால், குடிபுகுந்த 24 மணி நேரத்துக்குள் உள்ளூர்க் காவல் நிலையத்தில் நீங்களே பதிய வேண்டும். வீடு மாறும்போதும் அப்படியே. அந்தப் பதிவுத் தாள் இல்லாமல் வசிப்பு அனுமதி நகராது. அனுமதிக்கு நாட்டுக்குள் வந்து 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், பாஸ்போர்ட்டும் சில வாரம் அவர்களிடமே இருக்கும். ரயிலுக்கும் ஓட்டலுக்கும் பாஸ்போர்ட் வேண்டும் என்பதால் அந்த நாட்களில் வெளியூர்த் திட்டம் போடாதீர்கள்.

சமையலைப் பற்றிக் கவலை வேண்டாம். மின்சாரம் 220 வோல்ட்தான், மிக்ஸி ஓடும். பிளக் பொருந்தாது, அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். கடைத் தயிர் பெரும்பாலும் இனிக்கும். சர்க்கரை சேர்க்காததைத் தேடி வாங்கி ஒருமுறை உறை ஊற்றிவிட்டால் பிறகு வீட்டுத் தயிர்தான். இளவேனிலில் ஈரக்காற்று வந்து சுவரும் தரையும் வியர்க்கும் நாட்கள் உண்டு. மல்லித்தூளும் பருப்பும் பூசணம் பிடிக்கும், காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பெட்டியில் வையுங்கள், சன்னலைச் சாத்தியே வையுங்கள். சைவம் சாப்பிடுபவர்களுக்குக் கண்ணில் படும் இறைச்சியைவிடக் கண்ணில் படாததுதான் தொல்லை: பன்றிக் கொழுப்பு, கோழித்தூள், சிப்பிச் சாறு, காய்ந்த இறால். ஊர்ப் பெருமையான ஷாச்சா நூடுல்ஸின் குழம்பிலும் இறால் உண்டு. இவை எதுவும் வேண்டாம் என்று சீனச் சக ஆசிரியரிடம் ஒரு குறிப்பு எழுதி வாங்கி கைபேசியில் வைத்துக் காட்டுங்கள். ஷியாமென் பல்கலைக்கழகத்தை ஒட்டியுள்ள நான்புதுவோ கோயிலின் சைவ உணவகத்தில் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

வார இறுதிக்கு டிக்கெட் எடுக்கும் முன் பள்ளி நாட்காட்டியைப் பாருங்கள். நீண்ட விடுமுறைகளை ஒட்டிய சில சனி, ஞாயிறுகள் ஈடுசெய்யும் வேலை நாட்களாகிவிடும்.

முதல் பயணம் சுவான்சோவுக்கு இருக்கட்டும். குலாங்யூ தீவு பக்கத்திலேயே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போகலாம். சுவான்சோதான் அந்நாளில் தமிழ் வணிகர்கள் தங்கிய துறைமுகம்; 1281ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்தது. ரயில் டிக்கெட் எடுக்கும் 12306 செயலியில் பாஸ்போர்ட்டைப் பதிவுசெய்து சரிபார்ப்பு முடிய நேரம் கொடுங்கள். டிக்கெட் விற்பனை 15 நாள் முன்பே திறக்கும். இறங்க 'சுவான்சோ' நிலையத்தையே தேர்ந்தெடுங்கள். 2023இல் வந்த புதிய பாதையின் சுவான்சோ கிழக்கு, தெற்கு நிலையங்களில் இறங்கினால் பழைய நகருக்குப் போக நேரம் கூடும். ஏறும் இடத்தையும் பாருங்கள்: ஷியாமென் நிலையம் ஷியாமென் தீவுக்குள், ஷியாமென் வடக்கு கடலுக்கு அந்தப் பக்கம் ஜிமே பகுதியில். தானியங்கி வாயில் பாஸ்போர்ட்டை ஏற்கவில்லை என்றால் ஓரத்தில் ஆள் நிற்கும் வழிக்குப் போங்கள். புறப்படுவதற்குச் சில நிமிடம் முன்பே வாயிலை மூடிவிடுவார்கள், கெஞ்சினாலும் திறக்க மாட்டார்கள்.

சுவான்சோவின் கையுவான் புத்தக் கோயிலில் பெரும்பாலோர் பெரிய மண்டபத்தின் முன்புறத்தைப் பார்த்துவிட்டுக் கல் கோபுரங்களுக்குத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் மண்டபத்தைச் சுற்றிப் பின்தாழ்வாரத்துக்குப் போங்கள். அங்கே இரண்டு கல்தூண்களில் நரசிம்மரும் கண்ணனும் இருக்கிறார்கள். அந்த ஊரில் இடிந்துபோன இந்துக் கோயிலிலிருந்து வந்த தூண்கள் அவை, நின்று நிதானமாகப் பாருங்கள். அடுத்துக் கடல்சார் அருங்காட்சியகம். அங்கே இந்துச் சிற்பக் கற்கள் இன்னும் பல உண்டு. திங்களன்று மூடியிருக்கும். ஞாயிறு மாலை திரும்பும் ரயில்கள் நிரம்பிவிடும், போகும் டிக்கெட்டோடு வரும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் எச்சரிக்கை வந்தால் ரயில்கள் நிறுத்தப்படும். அப்படி ரத்தான டிக்கெட்டுக்குப் பணம் திரும்பக் கிடைக்கும்.