கார் பந்தயத் திடலில் ஸ்கேனர் கேட்பது: முதல் முறை போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் ஒரு மைலுக்கும் குறைவான சுற்றளவு கொண்ட சின்ன வட்டத் திடல்கள் நிறைய உண்டு. ஷார்ட் ட்ராக் என்பார்கள். அங்கே மேடையில் உட்கார்ந்து பார்த்தால் கார்கள் சுற்றுவது தெரியும். திடீரென்று எல்லாரும் ஏன் வேகம் குறைக்கிறார்கள், 14ஆம் எண் கார் ஏன் கடைசிக்குப் போனது என்பது புரியாது. ஓட்டுநர்களும் பந்தயம் நடத்துகிறவர்களும் ரேடியோவில் பேசுவதைக் கேட்க உதவும் கருவி ஸ்கேனர். காதில் அது இருந்தால் புரியும்.

நான் முதல் தடவை போனபோது கிடைத்த அலைவரிசை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனேன். இரவு முழுக்கக் கேட்டது அரை அரை வார்த்தைகள்தான். அதனால் இந்தப் பதிவில் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொல்வேன்: குறைவாகக் கேளுங்கள்.

படி 1: அந்தத் திடலில் என்ன கேட்கக் கிடைக்கும் என்று விசாரியுங்கள்

வாங்குவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். பல சின்னத் திடல்களில் ஓட்டுநரும் அவர் குழுவும் பேசிக்கொள்ளவே அனுமதி இல்லை. ஓட்டுநர் காதில் ஒருவழி ரிசீவர் மட்டும் இருக்கும். பந்தயத்தை நடத்துகிறவர் பேசுவதை அவர் கேட்கலாம், பதில் பேச முடியாது. இப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் 454.000 மெகாஹெர்ட்ஸ்தான். அது ஒன்றே போதும், வேறு எதையும் தேடி அலைய வேண்டாம். இருவழிப் பேச்சு அனுமதிக்கப்பட்ட திடல் என்றால் 450 முதல் 470 மெகாஹெர்ட்ஸ் வரை தேடினால் பெரும்பாலான குழுக்கள் அகப்படும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இதைக் கேட்பது சாதாரண விஷயம். எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. பிரிட்டனில் தனக்கென்று அனுப்பப்படாத பேச்சைக் கேட்பதே குற்றமாகலாம்.

படி 2: கருவி

சாதாரண அனலாக் ஸ்கேனர் போதும். யூனிடன் பிசி125ஏடி மாதிரி ஒன்றில் 500 சேனல், அவை 50 சேனல் வீதம் 10 பேங்குகளாகப் பிரிந்திருக்கும். ஏதாவது ஒரு சேனலில் பேச்சுக்குப் பதில் ரம்பம் அறுப்பது போல ஒரே இரைச்சல் கேட்டால் அந்தக் குழு டிஜிட்டலில் பேசுகிறது என்று அர்த்தம். அனலாக் ஸ்கேனரில் அது பேச்சாக வராது. விட்டுத்தள்ளுங்கள்.

மலிவான வாக்கி டாக்கியில் கேட்கலாமே என்று சிலர் சொல்வார்கள். கேட்கலாம்தான். ஆனால் கை தவறிப் பேசும் பொத்தானை அழுத்திவிட்டால், "மஞ்சள் கொடி" (ஆபத்து, எல்லாரும் வேகம் குறையுங்கள்) என்ற அறிவிப்பே ஓட்டுநர் காதுக்குப் போய்ச் சேராமல் போகலாம். முன்னால் ஒரு கார் குறுக்கே நிற்கும்போது அது விளையாட்டுக் காரியம் இல்லை. கேட்க மட்டுமே முடிகிற கருவி வாங்குங்கள்.

படி 3: ஹெட்போன்

இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பந்தயக் கார்களின் சத்தம் 100 டெசிபலை எளிதாகத் தாண்டும். அந்த அளவில் நாளுக்கு 15 நிமிடத்துக்கு மேல் வெறுங்காதோடு இருக்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. காது முழுவதையும் மூடி, வெளிச்சத்தத்தைத் தடுக்கிற கனமான வகைதான் சரி. காதுக்குள் செருகும் சாதாரண இயர்போனைப் போட்டுக்கொண்டு கார் சத்தத்தை மீறி ஒலியைக் கூட்டினால் காதுக்கு இரண்டு பக்கமும் அடி.

படி 4: வீட்டிலேயே அமைத்துக்கொள்ளுங்கள்

முதல் பேங்கில் பந்தயக் கட்டுப்பாட்டு அலைவரிசை. இரண்டாவது பேங்கில் உங்களுக்குப் பிடித்த இரண்டு, மூன்று ஓட்டுநர்கள். கார் எண்ணையே சேனலின் பெயராக வைத்தால் இருட்டில் தேட வேண்டியதில்லை. மாடுலேஷனை (ஒலியை அலையில் ஏற்றும் முறை) என்எஃப்எம், அதாவது குறுகிய எஃப்எம் என்று வையுங்கள். 'டிலே' வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பேச்சு முடிந்த பிறகும் ஸ்கேனர் அதே சேனலில் ஓரிரு நொடி காத்திருக்கும், அதற்குள் வேறு இடத்தில் பேச்சு ஓடிவிடும். பேச்சு இல்லாதபோது வரும் இரைச்சலை அடக்குவது ஸ்குவெல்ச் குமிழ்; அதை 'உஸ்' சத்தம் நிற்கும்வரை திருப்பி, அதற்கு மேல் ஒரு துளி. அவ்வளவுதான்.

படி 5: பயிற்சிச் சுற்றுக்கே போய்விடுங்கள்

அலைவரிசைப் பட்டியல் திடலிலேயே கிடைக்கலாம், ஆனால் பழையதாக இருக்கும். பயிற்சி நேரத்தில் நீங்களே கண்டுபிடிக்கலாம். அப்போது திடலில் நாலைந்து கார்தான் இருக்கும். ஸ்கேனரைத் தேடலில் விடுங்கள். "உள்ளே வருகிறேன்" என்று ஒரு குரல் கேட்டதும் தலையைத் தூக்கிப் பாருங்கள். எந்தக் கார் வேகம் குறைத்துத் திரும்புகிறதோ, அதன் சேனல் அது. குறித்துக்கொள்ளுங்கள். தேவையில்லாத இரைச்சலில் போய் நின்றால் லாக்அவுட் அழுத்துங்கள், அதை ஸ்கேனர் இனி தாண்டிப் போகும்.

படி 6: என்ன பேசுகிறார்கள்?

முதல் பந்தயம் முழுக்கக் கட்டுப்பாட்டு அறையை மட்டும் கேளுங்கள். மஞ்சள் கொடி விழுந்ததும் அசல் வேலை அங்கேதான்: யார் யாருக்குப் பின்னால் நிற்க வேண்டும், விபத்துக்குக் காரணமானவர் யார், அவர் கடைசிக்குப் போக வேண்டுமா. மேடையில் பக்கத்தில் இருப்பவர் "அநியாயம்" என்று கத்தும்போது உங்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும்.

இருவழிப் பேச்சு உள்ள திடல் என்றால், இரண்டாவது பந்தயத்தில் ஒரே ஒரு ஓட்டுநரைக் கேளுங்கள். உயரத்தில் நிற்கிற ஸ்பாட்டர்தான் அவருக்குக் கண். "உள்பக்கம்... இன்னும் உள்பக்கம்... க்ளியர்" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருப்பார். உள்பக்கம் என்றால் அந்தப் பக்கம் ஒரு கார் ஒட்டி வருகிறது, க்ளியர் என்றால் பக்கத்தில் யாரும் இல்லை. ஓட்டுநர் 'லூஸ்' என்றால் திருப்பத்தில் பின்பக்கம் வழுக்குகிறது. 'டைட்' என்றால் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் முன்பக்கம் திரும்ப மறுக்கிறது. இந்த இரண்டு சொல் தெரிந்தால் பாதிப் பேச்சு புரிந்துவிடும். மீதி, குழுத் தலைவர் அவரைச் சமாதானப்படுத்துவது. கெட்ட வார்த்தையும் வரும். குழந்தைகளுக்கு ஹெட்போன் கொடுக்கும்போது யோசியுங்கள்.

பந்தயம் முடிந்ததைக் காட்டும் கட்டம் போட்ட கொடி விழுந்ததும் உடனே அணைத்துவிடாதீர்கள். வேகம் குறைத்துச் சுற்றி வருகிற அந்த ஒரு சுற்றில்தான், கார் இரவெல்லாம் எப்படி ஓடியது என்று ஓட்டுநர் கொட்டித் தீர்ப்பார். வெளியே மெதுவாகப் போகிற கார், காதில் அதன் ஓட்டுநரின் புலம்பல்.