நெரிசலில் நிற்கும் மெஷினுக்கு ஒரு மணிக்கணக்கு

மாதாமாதம் எம்.டி. முன்னால் சேல்ஸும் புரொடக்‌ஷனும் உட்காரும் பிளானிங் மீட்டிங்கில், ஷீட்டில் ஒரே ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்: எந்த மெஷின் முன்னால் வேலை தேங்குகிறதோ, அதன் ஒரு மணி நேரத்துக்கு ஒவ்வொரு ஆர்டரும் எவ்வளவு தருகிறது? விற்பனை விலையில் மெட்டீரியல், ஜாப் ஒர்க் (வெளிப் பட்டறையில் கொடுத்துச் செய்யும் வேலை) செலவைக் கழித்து, மிச்சத்தை அந்த மெஷினில் பிடிக்கும் நேரத்தால் வகுத்தால் போதும். பெங்களூரில் பீன்யா, பொம்மசந்திரா பக்கம் பட்டறை நடத்தும் நம்மவர்களுக்கு நன்றாகவே பொருந்தும்.

சேல்ஸ்காரர்கள் பீஸுக்கு எவ்வளவு நிற்கிறது என்றுதான் பார்ப்பார்கள். வேலை தேங்குவது சிஎன்சியில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்) என்று வையுங்கள். அதில் 20 நிமிடம் பிடிக்கும் பீஸில் 400 ரூபாய் நின்றால், மணிக்கு 1,200. 10 நிமிடத்தில் முடியும் பீஸில் 250 தான் நின்றாலும் மணிக்கு 1,500! புது மெஷின் வாங்காமல், அதே ஷிப்டில் கூடுதல் வரவு. ஆனால் எந்த ஆர்டர் முதலில் என்ற வரிசையை எம்.டி.தான் முடிவு செய்ய வேண்டும். தன் கஸ்டமரை விட்டுக்கொடுக்க எந்த சேல்ஸ் மேனேஜரும் லேசில் சம்மதிக்கமாட்டார், இன்சென்டிவ் அப்படி. பின்தங்கிய ஆர்டரை மறுக்க வேண்டாம். விலையை ஏற்றிச் சொல்லிப் பார்க்கலாம், இல்லை ஓசூரில் ஜாப் ஒர்க்குக்கு விடலாம்.

மெஷின் சும்மா கிடக்கிற மாதத்தில் இந்தக் கணக்கு தேவையில்லை. தட்டுப்பாடு மெட்டீரியலில் என்றால் மணிக்குப் பதில் கிலோவுக்குப் போடுங்கள். அப்புறம், லேட்டானால் அபராதம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஆர்டர்களை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள், அவற்றைச் சொன்ன தேதிக்கு முடித்தாக வேண்டும்.