சின்ன விபிஎஸ்ல டிஎன்எஸ் ஓட்டுறீங்களா? பேக்கப் நேம்சர்வர் வேணுமா வேணாமா

ஒரே ஒரு விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்குற விர்ச்சுவல் சர்வர்) வாங்கி அதுலயே வெப்சைட், அதுலயே மெயில், போதாக்குறைக்கு பைண்ட்ங்கிற டிஎன்எஸ் சாஃப்ட்வேரைப் போட்டு நேம்சர்வரும் (டொமைன் பேருக்கு ஐபி என்னன்னு சொல்ற சர்வர்) அதுலயே ஓட்டுறவங்களுக்குத்தான் இது.

எல்லாமே அந்த ஒரே மெஷின்லதான் இருக்குன்னா பேக்கப் நேம்சர்வருக்கு பெருசா அவசியம் இல்ல. மெஷினே படுத்துட்டா ஐபி மட்டும் கிடைச்சு யாருக்கு என்ன லாபம். மெயிலும் உடனே தொலைஞ்சுடாது, டிஎன்எஸ் பதில் வரலன்னா அனுப்புற சர்வர் க்யூல வச்சுட்டு திரும்பத் திரும்ப ட்ரை பண்ணும், ஸ்டாண்டர்டு கணக்குப்படி குறைஞ்சது 4-5 நாளு.

ஆனா மெயில் வேற கம்பெனிகிட்ட, இல்ல ஏதோ ஒரு சப்டொமைன் வேற மெஷின்லன்னு இருந்தா கதையே வேற. அங்க எல்லாம் நல்லா ஓடிட்டு இருக்கும், நேம்சர்வர் செத்ததால யாராலயும் போக முடியாது. டொமைன் வித்த ரெஜிஸ்ட்ரார் ரெண்டு நேம்சர்வர் கேக்குறாங்களேன்னு ரெண்டு பேருக்கும் ஒரே ஐபி குடுக்குறது சும்மா ஏமாத்து வேலை. ஒரே நெட்வொர்க்ல எத்தனை வச்சாலும் அதே கதிதான், 2021 அக்டோபர் 4 ஃபேஸ்புக்குக்கு நாலு நேம்சர்வர் இருந்தும் நாலும் அவங்க நெட்வொர்க்குக்குள்ளயே இருந்ததால சேர்ந்தே காணாமப் போச்சு, வாட்ஸப் உட்பட ஆறு மணி நேரம் போல அவுட்.

என்னைக் கேட்டா பைண்ட் கத்துக்கணும்னு ஆசை இல்லாதவங்க ரெஜிஸ்ட்ரார் குடுக்குற டிஎன்எஸ்லயோ கிளவுட்ஃப்ளேர்லயோ போட்டுட்டு நிம்மதியா இருங்க.

இல்ல நானேதான் ஓட்டுவேன்னா, ஹரிக்கேன் எலக்ட்ரிக்ங்கிற நெட்வொர்க் கம்பெனில ஃப்ரீயாவே செகண்டரி (உங்க நேம்சர்வர்ல இருக்குறத காப்பி எடுத்து வச்சு பதில் சொல்ற பேக்கப் நேம்சர்வர்) தர்றாங்க. அங்க ஸ்லேவ் ஸோன் (உங்க டொமைன் ரெக்கார்டுகளோட காப்பி) சேர்த்து உங்க சர்வர் ஐபியைக் குடுங்க, பைண்ட் கான்ஃபிக்ல அவங்க சொல்ற ஐபிக்கு மட்டும் ஸோன் ட்ரான்ஸ்ஃபர் அலவ் பண்ணுங்க, ரெக்கார்டு மாறுனா செகண்டரிக்கு சொல்ற நோட்டிஃபையும் போட்டுடுங்க. ஃபயர்வால்ல போர்ட் 53 யுடிபி மட்டும் திறந்துட்டு ட்ரான்ஸ்ஃபர் வரலயேன்னு உக்காந்திருக்காதீங்க, அது டிசிபில போறது, அதையும் திறக்கணும். புது நேம்சர்வர் பேரை ஸோன் ஃபைல்லயும் சேர்க்கணும் ரெஜிஸ்ட்ரார்கிட்டயும் சேர்க்கணும், ஒண்ணுல மட்டும் போட்டா அரைகுறைதான்.

முக்கியமா ஸோன் ஃபைலோட ஆரம்பத்துல வர்ற எஸ்ஓஏ ரெக்கார்டுல இருக்குற எக்ஸ்பைர் வேல்யூவைப் பாருங்க. அது 86400 செகண்டுனு இருந்தா உங்க சர்வர் படுத்து ஒரு நாள் ஆனதுமே செகண்டரியும் பதில் சொல்றத நிறுத்திடும், அப்புறம் பேக்கப் எதுக்கு? 1209600, அதாவது ரெண்டு வாரம் வைங்க. ரெக்கார்டு மாத்தும்போதெல்லாம் அதே எஸ்ஓஏல இருக்குற சீரியல் நம்பரை ஏத்தணும், ஏத்தலன்னா செகண்டரி பழசையே சொல்லிட்டு இருக்கும்.

கடைசியா நேம்சர்வர்கிட்ட கேள்வி கேக்குற டிக் (dig) கமாண்ட்ல ரெண்டு நேம்சர்வர்கிட்டயும் எஸ்ஓஏ கேட்டு சீரியல் ஒண்ணா இருக்கான்னு பாருங்க, அப்புறம் பைண்டை ஒரு அஞ்சு நிமிஷம் நிறுத்திட்டு செகண்டரிகிட்ட மட்டும் கேட்டுப் பாருங்க, பதில் வந்தா திரும்ப ஸ்டார்ட் பண்ணிட்டு வேற வேலையைப் பாக்கலாம்.