டிவி அலமாரிக்குள் கேமிங் பிசி: முதலில் அளவு டேப்பை எடுங்கள்

கன்சோல் (எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் மாதிரி டிவியில் மாட்டி ஆடும் பெட்டி) வாங்கலாமா, குட்டி கேமிங் பிசி கட்டலாமா என்று யார் கேட்டாலும், "டிவிக்குக் கீழே எவ்வளவு இடம் இருக்கிறது?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஆடியவன் நான். சின்னப் பெட்டிக்குப் பெரிய எதிரி சூடுதான்.

தட்டின் நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுங்கள். லிட்டர் கணக்கு வந்துவிடும். குட்டி கேஸ்களை, அதாவது பிசியின் பாகங்களை அடைக்கும் பெட்டிகளை, லிட்டரில்தான் பேசுவார்கள். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 15.1 × 15.1 × 30.1 செ.மீ., ஏழு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. பவர் சப்ளையும் அதற்குள்ளேயே அடக்கம். கன்சோலில் எல்லாமே அளவெடுத்துத் தைத்த சட்டை. நாம் வாங்குவது ரெடிமேட். அதனால் முதல்முறை கட்டுகிறவர்கள் ஏழு லிட்டருக்கு ஆசைப்படாமல் 10 முதல் 15 லிட்டர் கேஸ் எடுத்தால் நிம்மதி. சுற்றிலும் காற்றுக்கு இடம் விட்டுக் கணக்குப் போடுங்கள்.

ஆட்டத்தின் படத்தை வரையும் தனி கிராபிக்ஸ் கார்டே இல்லாத உள்ளங்கை அளவு மினி பிசிகளும் உண்டு. பார்த்தால் ஆசையாக இருக்கும். பிளேஸ்டேஷன் 5 போலவே அதிலும் புராசஸரும் கிராபிக்ஸும் ஒரே மெமரியைப் பகிர்கின்றன. ஆனால் பிஎஸ்5-இன் மெமரி வேகம் நொடிக்கு 448 ஜிபி. டிடிஆர்5-5600 வகை ரேம் (மெமரி) இரண்டு போட்ட மினி பிசியில் சுமார் 90. பழைய ஆட்டங்களை 1080பி-யில் (ஃபுல் எச்டி படத்தில்) ஆட அது போதும், புதியவற்றில் திணறும்.

சரி, கட்டுவதாகவே முடிவா? எல்லாப் பாகங்களும் செருகும் மதர்போர்டு மினி ஐடிஎக்ஸ் அளவு, 17 செ.மீ. சதுரம். ரேமுக்குப் பொதுவாக இரண்டே ஸ்லாட் என்பதால் ஜோடியாகவே வாங்கிவிடுங்கள். பவர் சப்ளை எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன வகை. கார்டு வாங்கும்போது நீளம், தடிமன் மட்டும் பார்த்தால் போதாது, அங்கேதான் நான் மாட்டினேன். கார்டு கச்சிதமாக உட்கார்ந்தது. பக்கத் தகட்டை மூடப் போனால், கார்டின் விளிம்பில் செருகிய பவர் கேபிளின் தலை இடித்தது. ஒரு விரல் அகலம்தான் குறை. அழுத்தி மூடியிருக்கலாம், கனெக்டரை ஒட்டி கேபிளை மடக்கினால் பின்கள் சரியாகப் பதியாமல் சூடேறும் என்பதால் கை வரவில்லை. கார்டை மாற்ற வேண்டியதாயிற்று.

போர்டை வெளியே வைத்தே புராசஸர், ரேம், எம்.2 எஸ்எஸ்டி (போர்டிலேயே செருகும் சேமிப்பகம்), கூலர் எல்லாம் மாட்டுங்கள். எஸ்எஸ்டி ஸ்லாட் போர்டின் முதுகில் இருந்தால் அப்புறம் கை போகாது. கேபிள்களை ஓட்டிவிட்டுக் கார்டைக் கடைசியில் செருகுங்கள். எச்டிஎம்ஐ கேபிள் கார்டில்தான் போக வேண்டும், போர்டில் அல்ல. சிரிக்காதீர்கள், நானே ஒரு மாலை முழுக்க அப்படி ஆடியிருக்கிறேன்.

அப்புறம் டிவியில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோட் போடுங்கள். ஃபிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) டிவியின் ஹெர்ட்ஸுக்குள் கட்டுப்படுத்துங்கள். கார்டு இழுக்கும் மின்சாரத்துக்கான பவர் லிமிட்டை நான் 80 சதவீதத்துக்கு இறக்கினேன். படத்தில் வித்தியாசம் தெரியவில்லை, ஃபேன் அடங்கிவிட்டது.

சோபாவில் சாய்ந்ததும்தான் கன்சோலின் அருமை தெரியும். பட்டனை அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடரும். பிசியில் ஸ்டீம் என்ற ஆட்டக் கடைச் செயலியின் பிக் பிக்சர் முழுத்திரை முகப்பு தானாகத் திறக்கும்படி வைத்தாலும், என்றாவது ஒரு லாஞ்சர் (ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் செயலி) மவுஸ் கேட்டு நிற்கும். அதற்கென்றே ஒரு வயர்லெஸ் கீபோர்டு என் சோபா இடுக்கில் கிடக்கிறது. புது ஆட்டம் ஷேடர் (படம் வரையக் கார்டுக்கு வேண்டிய சின்ன நிரல்கள்) தொகுக்கிறேன் என்று காத்திருக்கச் சொன்னால் அவசரப்படாதீர்கள். பாதியில் நுழைந்தால் படம் திக்கும். கன்சோலில் ஹார்டுவேர் ஒன்றே என்பதால் அந்த வேலையை முன்கூட்டியே முடித்து அனுப்பிவிடுகிறார்கள்.

பிசியின் பக்கம் பேச வேண்டுமென்றால், ஆன்லைனில் ஆட பொதுவாகச் சந்தா கிடையாது. கன்சோலில் காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்தையும் ஆன்லைனில் ஆட பெரும்பாலும் சந்தா வேண்டும். நாளை கார்டை மட்டும் மாற்றவும் பிசியில் வழி உண்டு. பிஎஸ்5-இல் எஸ்எஸ்டி சேர்க்கலாம், அவ்வளவுதான்.

எதை வாங்கினாலும் அலமாரிக் கதவைத் திறந்து வைத்து அரை மணி நேரம் ஆடுங்கள், பிறகு மூடி அரை மணி நேரம். ஃபேன் சத்தம் ஏறினால் பின்பலகையைக் கழற்றிவிடுங்கள். என் அலமாரியின் பலகை கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.